கொடுத்தவருக்கும் ஒரு கட்டில்



2010 ஆகஸ்டு மாதம். ஜெர்மனியின் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியாக இருந்த சமூக ஜனநாயகக் கட்சிக்குக் குழுத் தலைவர் ஃப்ராங்க் வால்ட்டர் ஷ்டைன்மையர். பின்னாளில் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானவர். அவர் பெர்லினில் செய்தியாளர்களை அழைத்து, சில வாரங்கள் அரசியலிலிருந்து ஒதுங்கியிருக்கப் போவதாக அறிவித்தார். மனைவியின் சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன, தம்முடையதில் ஒன்றை அவருக்குக் கொடுக்கப் போகிறார் என்பதுதான் காரணம். அந்த வாரமே அறுவை நடந்தது. அவர் மீண்டும் பணிக்கு வந்தது அக்டோபரில்.

அப்போது அவருக்கு வயது 54. நோய் நொடி இல்லாதவர் என்று மருத்துவர்கள் சோதித்துச் சான்று சொன்ன உடம்பு. அப்படிப்பட்டவர் ஒரு பெரிய கட்சியின் நாடாளுமன்ற வேலையை அடுத்தவர் கையில் விட்டுவிட்டு வாரக்கணக்கில் ஓய்வெடுத்தார். நாடறிந்த ஓய்வு அது. சிறுநீரகம் வாங்கிக்கொண்டவருக்கு ஓய்வு வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கொடுத்தவருக்கும் அது வேண்டும் என்பதை நம் ஊர் வீடுகள் இன்னும் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

நம் நாட்டில் இந்தத் தானம் எந்தத் திசையில் போகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். இந்தியாவில் உயிரோடு இருந்து உறுப்பு கொடுப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் பெண்கள். பெறுபவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். 2021இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சொன்னது. கொடுக்கும் பெண்கள் பெரும்பாலும் அம்மாக்கள், மனைவிகள். ஜெர்மனியில் நடந்ததுபோலக் கணவன் மனைவிக்குக் கொடுத்தால் தெருவே அவரைக் கொண்டாடும். பத்திரிகையில் படம் வரும். மனைவி கணவனுக்குக் கொடுத்தால், பார்க்க வருகிறவர்கள் "சத்தியவான் சாவித்திரி கதைதாம்மா உன் கதை" என்று சொல்லிவிட்டு அவள் கையாலேயே காப்பி வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறார்கள். பாராட்டு உண்மையானதுதான். ஆனால் அந்தக் காப்பியை அவள் போட்டிருக்கக் கூடாது.

சட்டம் இதைக் கொஞ்சம் யோசித்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரை நெருங்கிய உறவினர் என்று வகுத்தது. 2011 திருத்தம் தாத்தா பாட்டிகளையும் பேரப்பிள்ளைகளையும் சேர்த்தது. கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், அவருடைய சம்மதம் சுயமானதுதானா என்பதைப் பெறுநர் அல்லாத வேறொருவர் உறுதிசெய்ய வேண்டும் என்று 2014 விதிகள் சொல்கின்றன. அறுவைக்கு முந்தின நாள்வரை சட்டம் அவள் பக்கம் நிற்கிறது. அறுவை முடிந்து வீடு திரும்பிய பிறகு அவள் பக்கம் நிற்க வேண்டியவர்கள் வீட்டு மனிதர்கள்.

இரத்த உறவே இல்லாத கணவன் மனைவிக்குள் இது பொருந்துமா என்ற சந்தேகம் ஒரு காலத்தில் மருத்துவர்களுக்கே இருந்தது. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டன் நகரில் ஜோசஃப் மரே செய்த அறுவைதான் முதன்முதலாக நீடித்து வெற்றி பெற்ற சிறுநீரக மாற்று. அங்கே கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர், ஹெரிக் சகோதரர்கள். 1995இல் பால் தெராசாகி குழுவினர் அமெரிக்கப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். வாழ்க்கைத் துணை கொடுத்த சிறுநீரகங்களில் 85 விழுக்காடு மூன்றாண்டுக்குப் பிறகும் வேலை செய்துகொண்டிருந்தன. இறந்தவர்களிடமிருந்து எடுத்தவற்றில் அது 70 விழுக்காடு. பெற்றோர் கொடுத்தவற்றுக்கும் துணை கொடுத்தவற்றுக்கும் பெரிய வேற்றுமையே இல்லை. திசுப் பொருத்தம் குறைவாக இருந்தும் இப்படி. நல்ல நிலையில் இருக்கும் உடம்பிலிருந்து எடுத்த உறுப்பு, சேதமில்லாமல் உடனே அடுத்த உடம்புக்குப் போய்விடுவதுதான் காரணம் என்று அவர்கள் கருதினார்கள்.

தென்னாட்டுக்கு இந்தச் சிகிச்சை 1971இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வழியாக வந்தது. அன்றைக்கும் அதன்பின் பல ஆண்டுகளும் கொடுப்பவரின் விலாவுக்குக் கீழே நீளமாகக் கிழித்துத்தான் எடுப்பார்கள். 1995இல் பால்டிமோரில் ராட்னர், கவூசி என்ற இரண்டு மருத்துவர்கள் லேப்பராஸ்கோப்பி வழியாக எடுத்துக் காட்டினார்கள். இப்போது பெரும்பாலும் வயிற்றில் மூன்று நான்கு சிறு துளைகள், அடிவயிற்றில் சில சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு வெட்டு. அதன் வழியாக 150 கிராம் அளவுள்ள அந்த உறுப்பு வெளியே வருகிறது. பொதுவாக இடப்பக்கத்தையே எடுப்பார்கள். அங்கே இரத்தக்குழாய் நீளம் அதிகம், தைப்பதற்கு வசதி.

வெளியே தெரியும் காயம் சிறிதாகிப் போனதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு அது ஒன்றுமில்லாத ஆபரேஷனாகத் தோன்றுகிறது.

மூன்று நான்கு நாளில் கொடுத்தவருக்கு டிஸ்சார்ஜ் ஆகிவிடும். பெற்றவர் இன்னும் ஒரு வாரமாவது உள்ளே இருப்பார். அதாவது கொடுத்தவர்தான் முதலில் வீட்டுக்கு வருகிறார், அதுவும் ஆளில்லாத வீட்டுக்கு. மாமியார், நாத்தனார், மைத்துனர் என்று எல்லோரும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருப்பார்கள். டிபன் கேரியர் நிரம்ப வேண்டும். அதை நிரப்ப அடுப்படியில் யார் நிற்பது? ஐந்து நாள் முன்பு ஓர் உறுப்பை இழந்த பெண் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருப்பாள். "நீ நல்லாத்தானே இருக்க?" என்று யாரும் வாய்விட்டுக் கேட்க வேண்டாம், அவளே அப்படி நினைத்துக்கொள்வாள்.

ஆகவே அறுவை தேதி குறித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, இரண்டு நோயாளிகளுக்கு இரண்டு ஆட்களை ஏற்பாடு செய்வது. ஆஸ்பத்திரியில் கணவனோடு ஒருவர், வீட்டில் மனைவியோடு ஒருவர். அம்மாவோ அக்காவோ தங்கையோ, ஒரு மாதம் வந்து தங்க முடிந்தவர் எவரானாலும் சரி. ஆள் கிடைக்காவிட்டால் சமையலுக்கு ஒருவரைச் சம்பளத்துக்கு வைப்பதும், மெஸ்ஸில் சாப்பாடு சொல்வதும் அறுவைச் செலவின் கணக்கிலேயே எழுதப்பட வேண்டியவை.

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரம் எப்படி இருக்கும்? வலி இருக்கும். காயத்தில் வலிப்பதை எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். தோளில் வலித்தால்தான் வீடு பதறும். மாரடைப்போ என்று பயந்துவிடுவார்கள். அறுவையின்போது வயிற்றை விரித்துப் பிடிக்கக் கரியமில வாயு செலுத்துகிறார்கள். அது உதரவிதானத்தை உறுத்துவதால் தோள்பட்டையில் வலி தெரிகிறது. சில நாளில் தானே போய்விடும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்து வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படியே. காலின் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், காயத்தில் சிவப்பு, சீழ், நிற்காத வாந்தி, சிறுநீர் குறைவது ஆகியவையும் தொலைபேசியை எடுக்க வேண்டிய காரணங்கள்.

நம் வீடுகளின் அமைப்பே இந்தக் காயத்துக்கு எதிரி. பாய் விரித்துப் படுத்துப் பழகியவர் தரையிலிருந்து எழுந்திருக்க வயிற்றுத் தசை முழுவதையும் இறுக்க வேண்டியிருக்கிறது. ஒரு கட்டில் வேண்டும். அதிலும் நேராக எழாமல், ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழ வேண்டும். குந்தி உட்காரும் கழிப்பறை மட்டும் இருக்கிற வீட்டில் நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுத்துவிடலாம். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும். ஆட்டோவில் வேகத்தடை ஏறும்போதும் அதே தலையணை உதவும். பாவாடை நாடா துளைத் தையல்களில் உராயும். சில வாரங்களுக்கு நைட்டியே சுகம். இவை எதுவும் மருத்துவர் சீட்டில் இருக்காது. பக்கத்தில் இருந்து பார்க்கிறவர் கண்ணில்தான் படும்.

அடுத்தது எடை. நான்கு முதல் ஆறு வாரம் வரை ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஐந்து கிலோ என்றால் என்ன என்று வீட்டைச் சுற்றி ஒருமுறை பார்க்க வேண்டும். தண்ணீர் கேன் 20 கிலோ. நிரம்பிய சமையல் எரிவாயு சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ. துவைத்துப் பிழியாத போர்வை வாளியும் மாவரைத்து நிரம்பிய தூக்கும் ஐந்து கிலோவைச் சுலபமாகத் தாண்டும். மூன்று வயதுக் குழந்தை 13, 14 கிலோ இருக்கும். இந்தக் கடைசி எடைதான் மிகவும் கடினம். ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் பிள்ளையை எந்தத் தாய் தூக்காமல் இருப்பாள்? உட்கார்ந்திருக்கும்போது பிள்ளையைக் கொண்டுவந்து பக்கத்தில் விட ஒருவர் இருக்க வேண்டும். உள்தையல் கூடும் முன் தூக்கினால் குடலிறக்கம் வரலாம். அப்புறம் இன்னோர் ஆபரேஷன்.

தூக்கக் கூடாது என்றால் படுத்தே கிடக்க வேண்டும் என்று பொருளில்லை. நடக்க வேண்டும். முதல் நாள் கூடத்துக்கும் சமையலறைக்கும், பிறகு தெருமுனைவரை, மூன்றாம் வாரத்தில் கடைத்தெருவரை. நடந்தால் இரத்தம் உறையும் ஆபத்து குறையும், குடலும் அசையும். வலி மாத்திரைகளில் சில மலத்தை இறுக்கிவிடும். அதில் முக்கினால் காயம் முறையிடும். கீரை, வாழைப்பழம், கொய்யா, போதிய தண்ணீர் எல்லாம் முதல் வாரத்திலிருந்தே வேண்டும்.

தண்ணீர் என்றதும் ஒரு விஷயத்தைச் சற்று நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. டயாலிசிஸில் இருந்த நோயாளியின் வீடு ஆண்டுக்கணக்கில் அளந்து குடித்த வீடு. காய்கறியை வேகவைத்து நீரைக் கொட்டிய வீடு. இளநீரும் வாழைப்பழமும் வாசற்படி ஏறாத வீடு. சிறுநீரகம் என்ற சொல்லைக் கேட்டாலே அந்தச் சட்டங்கள்தான் ஞாபகம் வரும். அதையெல்லாம் அப்படியே கொடுத்தவர் தலையிலும் கட்டிவிடுகிறார்கள். "ஒரு கிட்னிதானே இருக்கு, பாத்துக் குடி" என்கிறார்கள். இது தவறு. கொடுத்தவர் டயாலிசிஸ் நோயாளி இல்லை. மருத்துவர் வேறாகச் சொல்லாதவரை அவருக்கு எல்லோரையும்போலச் சாதாரண சாப்பாடு, தாகத்துக்கு நிறையத் தண்ணீர். உப்பை எல்லோருமே குறைக்கலாம், அவரும் குறைக்கலாம். உடம்பு தேறட்டும் என்று புரதப் பொடி டப்பாக்களை அடுக்க வேண்டாம். பருப்பும் முட்டையும் மீனும் போதும். சிறுநீரகத்துக்கு நல்லது என்று யாரோ கொண்டுவந்து கொடுக்கும் பெயர் தெரியாத லேகியம், சூரணம், கஷாயம் எதுவும் வேண்டவே வேண்டாம். இருக்கிற ஒரு சிறுநீரகத்தின்மேல் பரிசோதனை நடத்தக் கூடாது.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் இந்தக் கணக்கில் சேரும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கக் கூடியவை. கொடுத்தவர் அவற்றை ஆயுள் முழுக்கத் தவிர்ப்பது நல்லது. தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் இருக்கிறது. முழங்கால் வலிக்கு ஊசி போடுகிற மருத்துவரிடமும், பல் பிடுங்குகிறவரிடமும், "நான் ஒரு கிட்னி கொடுத்தவள்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

உடம்பின் காயம் ஆறு வாரத்தில் ஆறும். அலுப்பு அத்தனை சீக்கிரம் போகாது. மத்தியானம் மூன்று மணிக்குக் கையைக் காலை அசைக்க முடியாத ஒரு சோர்வு இரண்டு மூன்று மாதம்கூட வரும். இதில்தான் வீட்டுக்குள் மனத்தாங்கல் முளைக்கிறது. பெற்றவரைப் பாருங்கள்: பல ஆண்டு ஊறிய நஞ்சு இரத்தத்திலிருந்து வடிந்து, முகத்தில் களை வந்து, பசியெடுத்து, "பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு" என்கிறார். கொடுத்தவரோ அறுவைக்கு முந்தின நாள் முழு ஆரோக்கியத்தோடு இருந்தவர், இப்போது மாடிப்படியில் நின்று மூச்சு வாங்குகிறார். பெற்றவர் ஏறுகிறார், கொடுத்தவர் இறங்குகிறார். இது ஒரே வீட்டில், ஒரே வாரத்தில் நடக்கிறது. உறவினர் தொலைபேசியில் கேட்பதெல்லாம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு பெற்றவருக்கு என்ன என்றுதான். கொடுத்தவரின் கண்ணில் காரணமில்லாமல் நீர் வழிந்தால் அது நன்றிகெட்டத்தனமோ வருத்தமோ இல்லை. மயக்க மருந்து, வலி, தூக்கமின்மை, மாதக்கணக்கில் அடக்கிவைத்த பயம் எல்லாம் சேர்ந்து அப்படிச் செய்யும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மாற்று அறுவைக் குழுவிடம் சொல்ல வேண்டும்.

கணவன் இந்த இடத்தில் என்ன செய்ய முடியும்? அவருக்கோ எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மாத்திரைகள் ஓடுகின்றன. கூட்டத்துக்குப் போகக் கூடாது, முகக்கவசம் போட வேண்டும், கனமாக அவரும் தூக்கக் கூடாது. ஆனாலும் செய்ய நிறைய இருக்கிறது. பேசலாம். வலி எப்படி இருக்கிறது என்று தினமும் கேட்கலாம். பார்க்க வருகிறவர்களிடம், "அவளும்தான் பேஷண்ட், அவ படுத்திருக்கட்டும்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லலாம். இதை மனைவி சொன்னால் குறையாக எடுத்துக்கொள்வார்கள். அவர் சொன்னால் வீடு கேட்கும். கடன்பட்டவன் என்ற எண்ணம் வேண்டாம். அந்த எண்ணம் சில ஆண்களைக் கூச்சத்தில் தள்ளி, நன்றி சொல்லக்கூட விடாமல் கடுகடுப்பாக்கிவிடுகிறது. மனைவியும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்கிறாள்.

வேறொரு வகை வீடும் உண்டு. மணமான பெண் தன் அப்பாவுக்கோ தம்பிக்கோ கொடுக்கிறாள். பராமரிக்க வேண்டியவர் முழு மனதில்லாத கணவர். 2022இல் டில்லி உயர் நீதிமன்றம், தந்தைக்குக் கொடுக்க விரும்பிய ஒரு பெண்ணின் வழக்கில், கணவரின் ஒப்புதல் சட்டப்படி கட்டாயமில்லை என்று கூறியது. சட்டம் தெளிவாக இருக்கிறது. ஆனால் நீதிமன்றம் கஞ்சி வைத்துக் கொடுக்காது. முன்னாலேயே அவரை மருத்துவர் அறைக்குக் கூட்டிப்போய், அவருடைய பயங்களைக் கேட்கவிட்டு, பதில் வாங்கிக் கொடுத்தால் பாதிக் கோபம் கரையும். பல கணவர்களின் மறுப்புக்குப் பின்னால் இருப்பது மனைவியை இழந்துவிடுவோமோ என்ற அச்சம்.

அந்த அச்சத்துக்கு எண்களால் பதில் சொல்லலாம். 1994 முதல் 2009 வரை அமெரிக்காவில் சிறுநீரகம் கொடுத்த 80,347 பேரை ஆராய்ந்ததில், அறுவைக்குப் பின் 90 நாளுக்குள் இறந்தவர்கள் பத்தாயிரத்துக்கு மூன்று பேர். பிற்காலத்தில் கொடுத்தவருக்கே சிறுநீரகம் முழுதாகச் செயலிழக்கும் வாய்ப்பை 2014இல் மற்றோர் ஆய்வு கணக்கிட்டது. கொடுத்தவர்களில் ஆயுள் முழுவதற்குமாகப் பத்தாயிரத்துக்கு 90 பேர். அதே அளவு ஆரோக்கியமாக இருந்து கொடுக்காதவர்களில் 14 பேர். சோதித்துப் பார்க்காத பொதுமக்களில் 326 பேர். ஆபத்து குறைவு, இல்லாமல் இல்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1954இல் கொடுத்த ரொனால்டு ஹெரிக் ஒற்றைச் சிறுநீரகத்தோடு 56 ஆண்டு வாழ்ந்து, 79 வயதில் 2010 டிசம்பரில்தான் காலமானார்.

இதே அறுவை பராமரிப்பில்லாத இடத்தில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று சென்னையிலேயே இருக்கிறது. பெரும்பாலும் கடன் தொல்லையால் சிறுநீரகம் விற்ற 305 பேரை 2001இல் ஆய்வாளர்கள் சந்தித்தார்கள். அடுத்த ஆண்டு அது வெளியானது. அவர்களில் 71 விழுக்காட்டினர் பெண்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 விழுக்காட்டினர் உடல்நிலை மோசமாகிவிட்டதாகச் சொன்னார்கள். அறுவைக்கு முன் சரியாகச் சோதிக்காததும், வறுமையும், பின்னால் ஓய்வும் தொடர் கவனிப்பும் இல்லாததும் அந்த எண்களில் படிந்திருக்கின்றன என்றே கொள்ள வேண்டும். மத்திய அரசு ஊழியர் உறுப்பு கொடுத்தால் 42 நாள் வரை சிறப்பு விடுப்பு உண்டு என்று 2023இல் ஆணை வந்தது. நல்ல ஆணை. கட்டடத்தில் சித்தாளாகப் போகிற பெண்ணுக்கு அந்த 42 நாளை யார் கொடுப்பது? மாற்று அறுவைக்குக் காப்பீடு தருகிற அரசு, கொடுத்தவரின் இழந்த கூலியையும் ஒருநாள் ஏற்கத்தான் வேண்டும்.

பிறகு வருவது நீண்ட காலம். எஞ்சிய சிறுநீரகம் சற்றுப் பெருத்து, முன்பு இரண்டும் சேர்ந்து செய்ததில் ஏறத்தாழ 70 விழுக்காட்டைத் தனியாகச் செய்யப் பழகிவிடும். ஆகவே கொடுத்தவரின் கிரியேட்டினின் முன்பைவிடக் கொஞ்சம் கூடித்தான் நிற்கும். ஆய்வகச் சீட்டில் அது தடித்த எழுத்தில் வந்து வீட்டைப் பயமுறுத்தும். அதற்காகவே டிஸ்சார்ஜ் சீட்டின் நகலைப் பத்திரமாக வைத்து, எந்த மருத்துவரிடம் போனாலும் காட்ட வேண்டும். பிள்ளை பெற நினைக்கும் இளம் பெண்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். கனடாவில் செய்து 2015இல் வெளியான ஆய்வில், கொடுத்த பெண்களின் கர்ப்பங்களில் 11 விழுக்காட்டில் இரத்த அழுத்தச் சிக்கல் வந்தது. கொடுக்காதவர்களில் 5 விழுக்காடு. பெரும்பாலோருக்குப் பிரசவம் நல்லபடியாகவே முடிந்தது. கூடுதல் கண்காணிப்பு வேண்டும், அவ்வளவுதான்.

பெற்றவர் மாதம் தவறாமல் மருத்துவமனைக்குப் போகிறார். மாத்திரை அளவு பார்க்கப் போயே ஆக வேண்டும். கூடவே கொடுத்தவரும் போகிறார், ஆனால் பையையும் கோப்பையும் தூக்கிக்கொண்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். அவரையும் உள்ளே அழைத்துப் போங்கள். ஆறாம் மாதம் ஒருமுறை, பிறகு ஆண்டுக்கொரு முறை இரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் என மூன்றையும் அவருக்கும் பார்த்துவிடச் சொல்லுங்கள். அவர் பெயரிலும் ஒரு கோப்பு இருக்கட்டும்.